ஆக்‌ஷன் கோப்புகளுக்கும் ஓர் அலமாரி வேண்டும்

ஒரு கல்யாணத்துக்கு இன்றைக்கு ஆயிரக்கணக்கில் படம் எடுக்கிறார்கள். அத்தனையையும் ஒவ்வொன்றாகத் திறந்து, வெளிச்சம் கூட்டி, நிறம் சரிசெய்து, ஆல்பத்துக்கு ஓர் அளவிலும் வாட்ஸ்அப்புக்கு ஓர் அளவிலும் சேமித்துக்கொண்டிருக்க எந்த ஸ்டுடியோவுக்கும் நேரம் கிடையாது. அதனால் ஒரு படத்தில் செய்த வேலையை மென்பொருளிலேயே பதிந்துவைத்து, மற்ற எல்லாப் படங்களின் மீதும் ஒரே சொடுக்கில் ஓட்டுகிறார்கள். போட்டோஷாப்பில் இதற்கு ஆக்‌ஷன் என்று பெயர், லைட்ரூமில் பிரீசெட், கிம்ப், இமேஜ்மேஜிக் போன்ற கட்டற்ற மென்பொருள்களில் ஸ்கிரிப்ட். பத்திரிகை அலுவலகத்தின் படப் பிரிவு, இணையத்தில் சேலை விற்கும் கடை, பழைய நூல்களை ஸ்கேன் செய்யும் நூலகம், பாஸ்போர்ட் படம் எடுக்கும் தெருமுனைக் கடை என்று எல்லா இடத்திலும் வேலை இப்படித்தான் நடக்கிறது. இந்தச் செய்முறைகளை எங்கே, என்ன பெயரில், எந்த வடிவில் வைத்திருக்கிறோம் என்பதை நாம் ஒரு பொருட்டாகவே எண்ணுவதில்லை. படங்களுக்கு இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் நகல் வைக்கிறவர்கள்கூட, அந்தப் படங்களுக்கு அந்தத் தோற்றத்தைத் தந்த செய்முறையை ஒரே கணினியிலும் ஒரே ஆளின் நினைவிலும் விட்டுவிடுகிறார்கள். அந்தச் செய்முறை ஒரு தொழிலின் சேர்த்துவைத்த அறிவு. மென்பொருளுக்கு வெளியே, படிக்கக்கூடிய வடிவில், பெயரும் காரணமும் எழுதி அதைக் காக்க வேண்டும் என்பது என் வாதம்.

ஆக்‌ஷன் வசதி போட்டோஷாப்பின் 4-ஆம் பதிப்போடு 1996-இல் வந்தது. பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு வேலையைச் செய்தால் போதும். மென்பொருள் படிப்படியாகக் குறித்துக்கொள்ளும். இந்த எளிமைதான் ஆபத்தையும் கொண்டுவருகிறது. பதிந்த ஆக்‌ஷன், நாமாகத் தனிக் கோப்பில் சேமிக்கும்வரை, மென்பொருளின் சொந்த அமைப்புக் கோப்புகளுக்குள்தான் இருக்கிறது. கணினி பழுதானாலோ, மென்பொருளை அகற்றிவிட்டு மறுபடி நிறுவினாலோ அதுவும் போய்விடக்கூடும். தனித்தனி ஆக்‌ஷனாகச் சேமிக்கவும் முடியாது. தொகுப்பைத் தேர்ந்தெடுத்துத்தான் சேமிக்க வேண்டும் என்பதால், அந்தக் கட்டளை மங்கலாகத் தெரிவதைப் பார்த்துவிட்டுப் பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். சேமித்த கோப்பையும் சாதாரண எழுத்துக் கோப்பாகத் திறந்து படிக்க முடியாது. கன்ட்ரோல், ஆல்ட் விசைகளை அழுத்திக்கொண்டு சேமிக்கும் கட்டளையைக் கொடுத்தால் ஆக்‌ஷனின் ஒவ்வொரு படியும் எழுத்துக் கோப்பாக வெளியே வரும். அந்தக் கோப்பைத் திரும்ப ஏற்றி ஓட்ட முடியாதுதான். ஆனால் அச்சிட்டு வைக்கலாம், அடுத்தவர் படித்துப் புரிந்துகொள்ளலாம், போட்டோஷாப் இல்லாத இடத்திலும் அதைப் பார்த்து அதே வேலையை உருவாக்கலாம். இவ்வளவு பயனுள்ள வசதி இவ்வளவு ஆழத்தில் ஒளிந்துகிடப்பது வருத்தத்துக்குரியது.

செய்முறை தொலைவது ஒரு கேடு. அது இருந்தும் தவறாக ஓடுவது இன்னொரு கேடு. ஆக்‌ஷன் பதியும்போது எந்தக் கோப்புறையில், எந்தப் பெயரில் சேமித்தோமோ அதையும் மென்பொருள் குறித்துக்கொள்கிறது. பல படங்களின் மீது மொத்தமாக (பேட்ச்) ஓட்டும்போது அந்தச் சேமிப்புக் கட்டளையை மீறச் சொல்லும் பெட்டியில் குறியிடாவிட்டால், எல்லாப் படங்களும் ஒரே பெயரில் ஒன்றன்மேல் ஒன்றாக எழுதப்பட்டுக் கடைசியில் ஒரே படம்தான் மிஞ்சும். அளவுகோலைப் பிக்சலில் வைத்துப் பதிந்த எழுத்தோ முத்திரையோ, வேறு அளவுள்ள படத்தில் வேறு இடத்தில் போய் உட்காரும். சதவீதத்தில் வைத்துப் பதிந்தால் எந்த அளவிலும் சரியாக வரும். இமேஜ்மேஜிக்கில் மாக்ரிஃபை என்ற கட்டளை, தனியாக இடம் சொல்லாவிட்டால், மூலக் கோப்பின் மீதே புதியதை எழுதிவிடும். இவை எல்லாம் தெரிந்த வில்லங்கங்கள். மென்பொருள்களின் கையேடுகளிலேயே உள்ளவை. ஆனால் மூன்று வருடம் கழித்து, ‘ஆக்‌ஷன் 1’, ‘நியூ ஃபைனல்’, ‘ஃபைனல் 2’ என்ற பெயர்ப் பட்டியலைப் பார்க்கும் புதிய ஊழியருக்கு, இவற்றில் எது எந்த எச்சரிக்கையோடு ஓட்ட வேண்டியது என்று தெரிய எந்த வழியும் கிடையாது. பெயர் எழுதாத மருந்துப் புட்டிகளை வரிசையாக அடுக்கி வைத்திருக்கும் அலமாரியை எந்த மருத்துவமனையும் பொறுத்துக்கொள்ளாது.

மென்பொருள்கள் நிலையானவை என்ற நினைப்புதான் இந்த அலட்சியத்துக்கு அடிப்படை. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. தொழில்முறைப் படக்காரர்கள் பலர் நம்பியிருந்த அப்பர்ச்சர் மென்பொருளை மேற்கொண்டு வளர்க்கப்போவதில்லை என்று ஆப்பிள் நிறுவனம் 2014-இல் அறிவித்தது. 2019-இல் வந்த மேக் இயங்குதளத்தில் அது ஓடவே இல்லை. படங்களை வேறு மென்பொருளுக்கு மாற்றிக்கொள்ள முடிந்தது. அப்பர்ச்சருக்குள் செய்திருந்த திருத்தங்களை, திருத்தங்களாகவே எடுத்துப்போக முடியவில்லை. லைட்ரூம் 2018 ஏப்ரலில் தன் பிரீசெட் கோப்புகளின் வடிவத்தையே மாற்றியது. நல்வாய்ப்பாகப் புதிய எக்ஸ்எம்பி வடிவமும் சாதாரண எழுத்துக் கோப்புதான் என்பதால், எந்த நிறத்தை எவ்வளவு கூட்டியிருக்கிறோம் என்பதைத் திறந்து படிக்க முடிகிறது. 2025 மார்ச்சில் வெளிவந்த கிம்ப் 3.0 பைத்தான் 2-ஐக் கைவிட்டு பைத்தான் 3-க்கு மாறியது, உள்கட்டளைகளும் மாறின, பழைய ஸ்கிரிப்ட்டுகள் பல அப்படியே ஓடவில்லை. ஆனாலும் அப்பர்ச்சர் பயனர்களுக்கு நேர்ந்தது கிம்ப் பயனர்களுக்கு நேரவில்லை. அவர்களுடைய ஸ்கிரிப்ட்டுகள் படிக்கக்கூடிய எழுத்தில் இருந்தன; எந்த வரி உடைந்தது என்று பார்த்துத் திருத்தி மறுபடி ஓட்டிக்கொள்ள முடிந்தது. மென்பொருளுக்குள் பூட்டிய செய்முறைக்கும் எழுத்தில் உள்ள செய்முறைக்கும் உள்ள வேறுபாடு இந்த இரண்டு உதாரணங்களிலேயே முழுசாகத் தெரிகிறது.

இதுவரை சொன்னது வசதி, சேமிப்பு பற்றியது. எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறு. ஒவ்வொரு செய்முறைக்குள்ளும் ஒரு தீர்மானம் இருக்கிறது. அது பதிந்த பிறகு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. நிறப்படச் சுருள்களின் காலத்தில் கோடாக் நிறுவனம் தன் ஆய்வகங்களுக்கு ‘ஷர்லி’ அட்டை என்ற ஒரு படத்தை அனுப்பிவந்தது. வெள்ளைத் தோலுள்ள ஒரு பெண்ணின் படம் அது. அவள் முகம் சரியாக வந்தால் இயந்திரம் சரியாக இருக்கிறது என்று பொருள். கனடாவின் கன்கார்டியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லோர்னா ராத் இந்த வரலாற்றை விரிவாக ஆராய்ந்து 2009-இல் எழுதினார். கருத்த முகங்கள் விவரமின்றி இருளாக விழுந்த குறையைக் கோடாக் தீவிரமாகக் கவனிக்கத் தூண்டியது சாக்லேட் நிறுவனங்களும் மரச்சாமான் தயாரிப்பாளர்களும் கொடுத்த புகார் என்று அவர் பதிவு செய்கிறார். கறுப்புச் சாக்லேட்டுக்கும் பால் சாக்லேட்டுக்கும் படத்தில் வேறுபாடு தெரியவில்லை என்பது சாக்லேட் நிறுவனங்களின் குறை. மனித முகங்களுக்காகக் கேட்கப்பட்டிருக்க வேண்டிய கேள்வி, பொருள்களை விற்பவர்களுக்காகக் கேட்கப்பட்டது. அந்த அட்டை ஆய்வகத்தின் சுவரில் தொங்கியது. அதனால் பிற்காலத்தில் ஒருவர் அதைச் சுட்டிக்காட்டிக் கேள்வி எழுப்ப முடிந்தது. இன்றைய ஷர்லி அட்டைகள் பிரீசெட்டுகளுக்குள் இருக்கின்றன. ‘ஸ்கின் ஸ்மூத்’, ‘கிளோ’ என்ற பெயர்களில் இலவசமாகவும் விலைக்கும் கிடைக்கும் தொகுப்புகளில் ஆரஞ்சு நிறத்தின் ஒளிர்வை உயர்த்தும் ஓர் எண் இருக்கும். தோலின் நிறம் பெரும்பாலும் ஆரஞ்சுக்குள்தான் அடங்குகிறது. அந்த ஓர் எண், மணமகளையும் மணமகனையும் மாமன்மாரையும் பந்தியில் பரிமாறுகிறவரையும் ஒரே வீச்சில் வெளுப்பாக்கிவிடுகிறது.

கறுப்பை அழகில்லாததாகப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் எவ்வளவு ஊறியது என்பதை விளக்க வேண்டியதில்லை. ‘ஃபேர் அண்ட் லவ்லி’ என்ற களிம்பின் பெயரை அதைத் தயாரித்த நிறுவனமே 2020-இல் மாற்ற வேண்டியிருந்தது. ஒருவர் தன் முகம் எப்படித் தெரிய வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொள்வது அவருடைய விருப்பம். அதில் மற்றவர்கள் தலையிட இடமில்லை. ஆனால் கேட்காமலேயே, யாரும் தீர்மானித்ததாகக்கூடத் தெரியாமலேயே, ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறை முகங்களும் நிறம் மாறி ஆல்பத்தில் ஏறுவதை விருப்பம் என்று சொல்ல முடியாது. ஆல்பம் நாற்பது, ஐம்பது வருடம் வீட்டில் இருக்கும். பேரப்பிள்ளைகள் பாட்டியின் நிறத்தை அதிலிருந்துதான் அறிவார்கள். செய்முறையின் பெயரிலேயே ‘தோல் ஒளிர்வு கூட்டும்’ என்று எழுதியிருந்தால், ஓட்டுகிறவர் ஒரு கணமாவது யோசிப்பார். வாடிக்கையாளரிடம் ஒரு வார்த்தை கேட்பார். செய்முறையை எழுதிவைப்பதன் முதல் பயன் இதுதான் என்று நினைக்கிறேன். என்ன செய்கிறோம் என்பது செய்கிறவருக்கே தெரியவரும்.

ஆவணங்களில் இந்தக் கேடு இன்னும் கூர்மையானது. 2013-இல் ஜெர்மனியைச் சேர்ந்த டேவிட் க்ரீசல் என்ற கணினி அறிவியலாளர், ஸெராக்ஸ் நிறுவனத்தின் சில ஸ்கேனர்கள் கட்டட வரைபடங்களில் உள்ள எண்களையே மாற்றிவிடுவதைக் கண்டறிந்து வெளியிட்டார். கோப்பின் அளவைக் குறைக்கும் செயல்முறை, ஒன்றுபோல் தோன்றும் எழுத்துவடிவங்களை ஒன்றாகவே எடுத்துக்கொண்டதால் 6 என்ற எண் 8 ஆனது. படம் மங்கவில்லை, கலங்கவில்லை; தெளிவாகவே, தவறாக இருந்தது. எந்தச் சுருக்க முறையில், எந்த அமைப்பில் ஸ்கேன் செய்யப்பட்டது என்ற குறிப்பு இருந்தால்தான் எந்தெந்த ஆவணங்களைச் சந்தேகிக்க வேண்டும் என்று பின்னால் கண்டுபிடிக்க முடியும். தமிழ் இணையக் கல்விக்கழகம், சென்னையின் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், 2005-இல் தொடங்கிய ஈழத்து நூலகம் திட்டம் என்று தமிழில் ஸ்கேன் செய்து காக்கும் பணி பெரிய அளவில் நடந்துவருகிறது. பழுப்பேறிய தாளை வெள்ளையாக்கும் ஒரு செய்முறை, மங்கிய மையில் எழுதிய ஒரு புள்ளியையும் சேர்த்து அழித்துவிடலாம். தமிழில் ஒரு புள்ளி போனால் மெய் உயிர்மெய்யாகிவிடும். மூலத்தாள் நொறுங்கிப்போன பின், அங்கே புள்ளி இருந்ததா என்பதைச் சொல்ல, படத்தோடு அந்தப் படத்துக்கு என்ன செய்யப்பட்டது என்ற பதிவும் வேண்டும்.

எப்படி ஒழுங்குபடுத்துவது என்பதற்குப் பெரிய அமைப்பு எதுவும் தேவையில்லை. பெயின்ட் ஷாப் புரோவின் 8-ஆம் பதிப்பு, 2003-இல், பைத்தான் ஸ்கிரிப்ட் வசதியைக் கொண்டுவந்தபோது, நம்பத்தக்க ஸ்கிரிப்ட்டுகளுக்கு ஒரு கோப்புறையும் கட்டுப்பாட்டுக்குள் ஓட வேண்டியவற்றுக்கு இன்னொன்றும் என்று பிரித்துவைத்தது. கோப்புகளைத் தொடும் அதிகாரம் முதல் வகைக்குத்தான். இந்தப் பிரிவினையின் பின்னால் நல்ல சிந்தனை இருக்கிறது, எந்த மென்பொருளில் வேலை செய்தாலும் இதைக் கைக்கொள்ளலாம். சோதித்துப் பார்த்தவை ஓர் இடத்தில், முயற்சியில் இருப்பவை இன்னோர் இடத்தில். மூலப் படங்கள் உள்ள கோப்புறையை எழுத முடியாதபடி பூட்டிவிட்டு, விளைவுகள் எப்போதும் தனி இடத்துக்குப் போகும்படி செய்ய வேண்டும். பெயரில் வேலையும் இலக்கும் தேதியும் இருக்கட்டும். அமெரிக்க விசாவுக்கான படம் 600 முதல் 1,200 பிக்சல் வரையான சதுரமாக, 240 கிலோபைட்டுக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்பது விதி. இந்த எண்களும் எந்தத் தேதியில் இருந்த விதி என்பதும் செய்முறையின் பெயரிலோ தலைக்குறிப்பிலோ இருந்தால், விதி மாறும்போது எதைத் திருத்துவது என்று தேட வேண்டியதில்லை. நீளமான ஒரே ஆக்‌ஷனுக்குப் பதிலாகச் சிறு சிறு துண்டுகளாக வைப்பது நல்லது: அளவு மாற்றுவது ஒன்று, கூர்மையாக்குவது ஒன்று, இணையத்துக்கான எஸ்ஆர்ஜிபி நிறவெளிக்கு மாற்றுவது ஒன்று. துண்டுகளின் வரிசைக்கும் காரணம் எழுத வேண்டும். அளவைக் குறைத்த பிறகுதான் கூர்மையாக்க வேண்டும். ஜேபெக் ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் விவரத்தை இழக்கும் வடிவம் என்பதால் அது கடைசிப் படியாக ஒரே முறைதான் வர வேண்டும். இதோடு பத்துப் படங்கள் கொண்ட ஒரு சோதனைக் கட்டு: கருத்த முகம், சிவந்த முகம், பட்டுப்புடவையின் சரிகை, இரவு வெளிச்சம், படுக்கை வாட்டம், நெட்டு வாட்டம். புதிய செய்முறை எதுவானாலும் முதலில் இந்தக் கட்டின் மீது ஓடட்டும்.

சின்ன ஸ்டுடியோவுக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது என்று கேட்பார்கள். முகூர்த்த மாதங்களில் இரவெல்லாம் கண்விழிக்கிற தொழில் அது, கேள்வி நியாயமானது. ஆனால் ஒரு செய்முறைக்கு மூன்று வரிக் குறிப்பு எழுத ஆகும் நேரம், அதைத் தவறாக ஓட்டிவிட்டு ஒரு கல்யாணத்தின் படங்களை முதலிலிருந்து திருத்தும் நேரத்தோடு ஒப்பிட முடியாத அளவுக்குக் குறைவு. அத்தனையையும் ஒரே நாளில் ஒழுங்குபடுத்தவும் வேண்டாம். அடுத்த முறை எந்த ஆக்‌ஷனை ஓட்டுகிறோமோ அதற்கு மட்டும் அன்றே பெயரிட்டால் போதும். ஒரு பருவம் முடிவதற்குள் பயன்பாட்டில் உள்ளவை எல்லாம் பெயர் பெற்றுவிடும், பெயர் பெறாதவை தேவையில்லாதவை என்று தெரிந்துவிடும். தொழில் ரகசியம் வெளியே போய்விடும் என்ற அச்சமும் உண்டு. எழுதிவைப்பது வேறு, வெளியிடுவது வேறு. ரகசியம் எழுதப்படாமல் ஒரே ஊழியரின் கையில் இருந்தால், அவர் வேலை மாறும் நாளில் அது முதலாளியிடமிருந்தே போய்விடுகிறது.

கலைக்குச் செய்முறை எழுதுவதா என்ற எதிர்ப்புக்கு அதிக மரியாதை தர வேண்டும். ஒவ்வொரு படமும் தனிக் கவனம் கேட்பது. எல்லாவற்றுக்கும் ஒரே அச்சு என்றால் எல்லா ஆல்பமும் ஒன்றுபோல் ஆகிவிடும் என்று சொல்கிறவர்களின் கவலை உண்மையானது. ஆனால் ஒரே அச்சு இன்றைக்கே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. எங்கிருந்தோ இறக்கிய பிரீசெட்டின் வடிவில். அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று படித்தவர்தான் அதைத் தன் கண்ணுக்கு ஏற்ப மாற்ற முடியும். அளவு மாற்றுவது, பெயரிடுவது, நிறவெளி மாற்றுவது போன்ற சலிப்பூட்டும் வேலைகளைச் செய்முறை ஏற்றுக்கொண்டால், கவனம் கேட்கிற படங்களுக்குக் கவனம் மிஞ்சும்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இனி ஸ்கிரிப்ட் எதற்கு என்பது இப்போதைய கேள்வி. 2023-இல் போட்டோஷாப்பில் வந்த, சொல்லைக் கொடுத்தால் படத்தை நிரப்பித் தரும் வசதி, ஒரே சொல்லுக்கு ஒவ்வொரு முறையும் வேறு வேறு விளைவைத் தருகிறது. படத்தில் உள்ள ஆளைத் தானே தேர்ந்தெடுக்கும் கட்டளையும் பதிப்புக்குப் பதிப்பு மேம்பட்டுக்கொண்டே வருகிறது. நேற்று ஓட்டிய ஆக்‌ஷன் இன்று வேறு விளிம்பை வெட்டலாம். விளைவு மாறக்கூடியது என்பதாலேயே, எந்தப் பதிப்பில், எந்தத் தேதியில், எந்தக் கட்டளையில் செய்தோம் என்ற குறிப்பின் தேவை கூடுகிறது. இன்னொரு பக்கம், நிரல் தெரியாதவரும் இப்போது ஒரு ஸ்கிரிப்ட்டை உரையாடியே எழுதி வாங்கிக்கொள்ள முடிகிறது. வரவேற்க வேண்டிய மாற்றம்தான். ஆனால் அப்படி வாங்கியதைப் படிக்காமல் மூலப் படங்களின் மீது ஓட்டினால் இழப்பு நம்முடையது. சோதனைக் கட்டும் பூட்டிய மூலக் கோப்புறையும் இந்தக் காலத்தில்தான் மிக அவசியம்.

செய்திப் படங்களில் இது நம்பகத்தன்மையின் பிரச்சினையாகவே மாறிவிட்டது. 2015-இன் உலகப் பத்திரிகைப் புகைப்படப் போட்டியில் இறுதிக்கு முந்திய சுற்றை எட்டிய படங்களில் ஐந்தில் ஒரு பங்கு, அளவு மீறிய திருத்தத்துக்காக நீக்கப்பட்டது. அதே ஆண்டு ராய்ட்டர்ஸ் நிறுவனம், கேமராவிலேயே உருவாகும் ஜேபெக் படங்களைத்தான் அனுப்ப வேண்டும் என்று தன் படக்காரர்களுக்குச் சொன்னது. எங்கே நிறுத்துவது என்பதில் ஒப்புக்கொண்ட எழுத்து வடிவம் இருந்திருந்தால், இவ்வளவு கடுமை தேவைப்பட்டிருக்குமா என்று கேட்கத் தோன்றுகிறது. தமிழ்ப் பத்திரிகைகள் தங்கள் படப் பிரிவில் ஓடும் செய்முறைகளைப் பட்டியலிட்டு, எந்த அளவு வரை வெளிச்சமும் நிறமும் மாற்றலாம் என்பதை அதிலேயே நிர்ணயித்துவிடலாம்.

பொதுப் பணத்தில் நடக்கும் ஸ்கேன் பணிகளில் இதை விருப்பத்துக்கு விடக் கூடாது. ஸ்கேன் செய்த நூல்களை எழுத்தாக்கி விக்கிமூலத்தில் ஏற்றுவதற்காகத் தமிழ்க் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் எழுதிய ஸ்கிரிப்ட், பயன்படுத்தும் குறிப்போடு இணையத்தில் திறந்தே கிடக்கிறது. வேறு மொழிக்காரர்களும் எடுத்துத் தங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். சம்பளமில்லாத தன்னார்வலர்களால் முடிந்ததை, ஒப்பந்தத்தில் பணம் வாங்கும் நிறுவனங்களிடம் கேட்பது அதிகம் அல்ல. ஓலைச்சுவடிகள், அரசிதழ்கள், பழைய புகைப்படங்கள் என எதை ஸ்கேன் செய்யக் கொடுத்தாலும், படங்களோடு அவற்றின் மீது ஓடிய செய்முறைக் கோப்புகளையும், அவை எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பில் ஓடின என்ற குறிப்பையும் எழுத்து வடிவில் ஒப்படைக்க வேண்டும் என்று கேட்க வேண்டும். டெண்டரில் கோப்பின் வடிவமும் துல்லியமும் குறிப்பிடும் இடத்துக்குக் கீழேயே இந்த இரண்டு வரிகளையும் சேர்த்துவிடலாம்.